கப்பலை மூழ்கடித்தால் பவளப்பாறை வளருமா?

ஆளில்லாத பழைய போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் வரிசையாக வெடிச்சத்தம் கேட்கிறது, பக்கவாட்டில் புகை கிளம்புகிறது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் மேலே எழும்பி, முழுக்கப்பலும் தண்ணீருக்குள் போய்விடுகிறது. தூரத்தில் படகுகளில் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட காணொளிகள் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும். கூடவே இரண்டு விதமான பேச்சும் வரும். கடலைக் குப்பைத்தொட்டி ஆக்குகிறார்களே என்று ஒரு பக்கம் கோபப்படும். பழைய இரும்பில் பவளப்பாறை வளர்த்துக் கடற்கரையைக் காப்பாற்றுகிறார்கள் என்று மறுபக்கம் மகிழும். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு, இரண்டிலும் பெரிய குழப்பமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கடற்கரையில், நிவதி பாறை அருகே, 2024 ஜனவரியில் பணி ஓய்வு பெற்ற ஐ.என்.எஸ். குல்தார் கப்பலை மூழ்கடித்துக் கடலடி அருங்காட்சியகமும் செயற்கைப் பாறையும் அமைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோதும் இதே குழப்பம்தான். கடல் அறிவியல் படிக்காதவரும் இதைப் புரிந்துகொள்ள முடியும். அதற்கு முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

நம் செய்தித்தாள்கள் இதை "செயற்கைப் பவளப்பாறை" என்று எழுதுகின்றன. படிப்பவர் மனதில் உடனே வண்ணவண்ணப் பவளங்கள் விரிகின்றன. ஆனால் இறக்கப்படுவது பவளம் அல்ல. அங்கே பவளம் வளரும் என்ற உறுதியும் கிடையாது.

இதைவிடப் பொருத்தமான சொல் நம் மீனவர்களிடம் எப்போதோ இருக்கிறது: பார். மன்னார் வளைகுடாவில் கடலடியில் கெட்டியான, பாறைப்பாங்கான இடம் எதுவானாலும் அது பார். முத்துக்குளித்த காலத்தில் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த தொளாயிரம் பார் பெயர்பெற்றது. பாரில் பவளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மீன் தங்குகிற கெட்டித்தரை என்பதுதான் முக்கியம். மணலும் சேறுமாகக் கிடக்கும் கடலடியில் பார் எங்கே இருக்கிறது என்பதை, கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் குறிவைத்து நினைவில் வைத்துக்கொண்ட தலைமுறைகள் உண்டு. பிழைப்பே அந்த அறிவில் இருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் "செயற்கைப் பார்" என்றே சொல்கிறேன். கடலுயிர்கள் ஒட்டி வாழவும் ஒளிந்து வாழவும் ஏற்றபடி மனிதர் திட்டமிட்டுக் கடலடியில் இறக்கி வைக்கிற கெட்டியான பொருள் அது. கல், கான்கிரீட், கப்பல் எதுவானாலும் சரி.

படகின் அடியில் நடப்பது

கடற்கரையில் படகைக் கரையேற்றிச் சுத்தம் செய்யும் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். சில மாதம் தண்ணீரில் கிடந்த படகின் அடிப்பகுதி பச்சையும் சாம்பலுமாக, தொட்டால் கையைக் கிழிக்கும்படி சொரசொரப்பாக இருக்கும். இரும்புத் தகட்டால் சுரண்டச் சுரண்டச் சின்னச்சின்ன எரிமலை வடிவ ஓடுகள் பொலபொலவென்று உதிரும். அவைதான் கொட்டலசு. ஓடு பெயர்ந்த இடத்தில் வட்டமாக வெள்ளைத் தழும்பு நிற்கும், அதை அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்துச் சொந்தமான உயிர் அது. குஞ்சுப் பருவத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மிதந்து வரும். கெட்டியான இடம் கிடைத்ததும் தலையை அங்கே ஒட்டிக்கொண்டு, சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் காலால் தண்ணீரைத் துழாவி உணவைப் பிடித்துத் தின்னும்.

கொட்டலசு மட்டுமில்லை. சிப்பி, கடற்பஞ்சு, பவளம் எல்லாமே இளம்பருவத்தில் இப்படி மிதப்பவை. இந்த மிதக்கும் இளம்பருவத்துக்கு லார்வா என்று பெயர். கடல் நீரில் லார்வாக்களுக்குப் பஞ்சமில்லை. உட்கார இடத்துக்குத்தான் பஞ்சம். மணலில் உட்கார்ந்தால் அடுத்த அலை மணலையே புரட்டிவிடும், சேற்றில் உட்கார்ந்தால் மூடிவிடும். கோடிக்கணக்கானவை இடம் கிடைக்காமலே சாகின்றன.

அங்கே ஒரு கப்பல் போய் உட்கார்ந்தால், வெறும் மணல்காட்டில் திடீரென்று பல ஏக்கர் கெட்டித்தரை கிடைத்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே நுண்ணுயிர்கள் மெல்லிய வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. வாரங்களில் பாசியும் கொட்டலசும் வருகின்றன, மாதங்களில் சிப்பியும் கடற்பஞ்சும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவதால் தட்டையாக இருந்த இரும்பில் மேடும் பள்ளமும் பொந்தும் உண்டாகின்றன. அந்தப் பொந்துகளில் புழுக்களும் சிறு நண்டுகளும் குடியேறுகின்றன.

கப்பல் ஓடும் காலம் முழுவதும் இந்த ஒட்டுயிர்களைத் தடுக்கத்தான் சொந்தக்காரர் பணம் செலவழிக்கிறார், நஞ்சு கலந்த வண்ணம்கூடப் பூசுகிறார். ஓய்வுக்குப் பிறகு அதே ஒட்டுயிர்களை வரவழைக்கக் கப்பல் கடலுக்குள் போகிறது. பூசிய வண்ணம் பின்னால் எப்படித் தொல்லையாகிறது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

சுருக்கமாக: கப்பல் உயிரைக் கொண்டுவருவதில்லை. ஏற்கெனவே நீரில் மிதக்கும் உயிர்களுக்கு உட்கார இடம் தருகிறது.

மீன் ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது?

ஒட்டுயிர்கள் வளர மாதங்கள் ஆகும். மீன் அதுவரை காத்திருப்பதில்லை, சில நாட்களிலேயே வந்துவிடும். தின்ன எதுவும் இல்லாத வெற்று இரும்புக்கு அது ஏன் வருகிறது?

வாய்க்காலில் ஒரு பெரிய கல் கிடந்தால், அதன் பின்பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு மெதுவாக நிற்கும். குஞ்சு மீன்கள் அந்த இடத்தில்தான் கூடியிருக்கும். எதிர்நீச்சல் போட வேண்டியதில்லை, நீரோட்டம் கொண்டுவரும் உணவும் சுழலில் சிக்கி நிற்கிறது. கடலடியில் கப்பல் அந்தக் கல்லின் வேலையைச் செய்கிறது. ஓட்டம் மோதி மேலே ஏறுகிறது, பின்னால் சுழல் உண்டாகிறது, மிதக்கும் நுண்ணுயிர்கள் அங்கே திரள்கின்றன. பிளாங்டன் என்று சொல்லப்படும் இந்த மிதவை உயிர்களைத் தின்னச் சிறு மீன் வருகிறது. சிறு மீனைத் தேடிப் பாரை மீனும் நெய்மீனும் வருகின்றன.

இன்னொரு காரணம் நிழலும் பொந்தும். திறந்தவெளியில் சிறு மீனுக்கு ஒளிய இடமில்லை. கப்பலில் அறைகள், படிக்கட்டு, குழாய், சன்னல் என்று ஆயிரம் ஒளிவிடம். களவா மீனும் கல் இறாலும் பொந்தை விட்டு அதிகம் நகராதவை. அவற்றுக்கு நல்ல பொந்து கிடைப்பது நமக்கு நல்ல வீடு கிடைப்பது போலத்தான்.

கூடுகிறதா, பெருகுகிறதா?

எல்லாக் குழப்பங்களுக்கும் மையம் இந்தக் கேள்வி. விஞ்ஞானிகளே பல பத்தாண்டுகளாக இதில் ஒத்துப்போகவில்லை.

வியாழக்கிழமை சந்தை கூடுகிற ஊரில் அன்று ஆயிரம் பேரைப் பார்க்கலாம். அதை வைத்து அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம். சுற்று ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே ஊருக்குக் குடிதண்ணீரும் வீடும் பள்ளிக்கூடமும் வந்து, பிழைக்க வழியின்றி வெளியேறிக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்று வளர்த்தால், அது பெருகுதல்.

கப்பலைச் சுற்றி மீன் மொய்ப்பதைப் படம்பிடித்து "மீன்வளம் பெருகிவிட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சந்தையைத்தான் பார்க்கிறார்கள். மீன் வேறு இடத்திலிருந்து நகர்ந்து வந்திருக்கலாம். அப்படியானால் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. பரந்த கடலில் தேடித் திரிந்து பிடிக்க வேண்டிய மீன் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது, அந்த இடமும் எல்லோருக்கும் தெரியும். பிடிப்பு சுலபமாகிறது, கடலில் மீதி குறைகிறது. முதல் சில ஆண்டுகள் எல்லோருக்கும் நல்ல மீன் கிடைப்பதால் கணக்கு இடிப்பதும் வெளியே தெரியாது.

அதற்காகப் பெருகுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பொந்து போதாததால் குஞ்சிலேயே இரையாகிவிடும் இனங்களுக்குச் செயற்கைப் பார் உண்மையிலேயே உயிர்ப்பிச்சை. கடலெல்லாம் சுற்றும் மீனுக்கு அது ஒரு நிறுத்தம் மட்டுமே. ஆக இனத்தைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் பதில் மாறும். எல்லாவற்றையும்விட, அங்கே எவ்வளவு மீன் பிடிக்க விடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். என் கருத்து இதுதான்: மீன்பிடிக்குக் கட்டுப்பாடு வைக்காமல் இறக்கும் கப்பலைக் கடல் பாதுகாப்பு என்று அழைக்கக் கூடாது. அதை மீன்பிடி வசதி என்று சொல்லலாம், அதிலும் தவறில்லை. வசதியைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

வேண்டாத விருந்தாளிக்கும் பொந்து பொந்துதான். நம் இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்துச் சிங்கமீன் மனிதர்களால் அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே எதிரியில்லாமல் பெருகிவிட்டது. மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் இயற்கைப் பார்களைவிடச் செயற்கைப் பார்களில்தான் அது மிக அடர்த்தியாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, பவளம் வளருமா?

பவளம் என்பது பாறை அல்ல, மிகச் சிறிய விலங்கு. பாலிப் என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான பாலிப்புகள் சேர்ந்து தமக்கடியில் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிக்கொண்டே போவதுதான் நாம் பார்க்கும் பவளத்திட்டு. திட்டு கட்டும் பவளங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசிகள் வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் ஊட்டுகின்றன. எனவே வெயில் எட்டும் ஆழம், தெளிந்த நீர், இதமான வெப்பம் மூன்றும் வேண்டும்.

இப்போது உலகின் மிகப் பெரிய கப்பல் பார்களில் ஒன்றைப் பாருங்கள். யு.எஸ்.எஸ். ஓரிஸ்கனி கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் ஓடிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல், நீளம் ஏறத்தாழ 270 மீட்டர். 2006 மே 17 அன்று ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்குத் தெற்கே மூழ்கடிக்கப்பட்டது. வெடி வைத்ததிலிருந்து 37 நிமிடத்தில் அடிக்குப் போய்விட்டது. அங்கே ஆழம் சுமார் 65 மீட்டர். விமானங்கள் ஏறி இறங்கிய தளமே 40 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அந்த ஆழத்தில் வெயில் மங்கல், குளிர்காலத்தில் தண்ணீரும் குளிரும். கடற்பஞ்சு, சிப்பி, வெயில் தேவைப்படாத பவள உறவுகள் அங்கே நன்றாக வாழலாம். சுண்ணாம்புத் திட்டு கட்டும் பவளக்காடு அங்கே எழாது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் ஆங்கிலப் பெயரான "கிரேட் பேரியர் ரீஃப்" என்பதைத் திருப்பி, இதற்கு "கிரேட் கேரியர் ரீஃப்" என்று செல்லப்பெயர் வைத்ததில் இந்த வேறுபாடு பலருக்கு மறந்தே போய்விட்டது.

ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலில் கப்பல்மேல் பவளம் ஒட்டுவதுண்டு. ஆனால் பவளம் மெதுவாக வளர்வது. இரும்பு துருவேறிச் செதில் செதிலாக உதிரும்போது ஒட்டியிருந்த பவளமும் சேர்ந்து விழும். இயற்கைத் திட்டின் சுண்ணாம்பு அடித்தளம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானது, துருவேறும் இரும்பு அத்தனை காலம் நிற்காது. இருக்கிற பவளத்திட்டை அழியவிட்டு, பதிலுக்கு ஒரு கப்பலை இறக்கி ஈடுசெய்துவிடலாம் என்ற எண்ணம் எங்கேயும் எடுபடாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் 2002இல் ஸ்பீகல் குரோவ் என்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, முக்குளிக்க வரும் சுற்றுலாப் பயணிகளில் ஒரு பகுதியினர் இயற்கைத் திட்டுகளை விட்டுக் கப்பல் பக்கம் போனார்கள். காலால் மிதிபட்டும் நங்கூரத்தில் அடிபட்டும் நொந்துபோன திட்டுகளுக்கு அது ஓய்வு. பவளத்துக்குக் கப்பல் செய்யும் நன்மைகளில் நிச்சயமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கரையைக் காக்குமா?

கடலரிப்பு பற்றிப் பேசும்போது "கப்பலை இறக்கினால் அலை அடங்கும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

அலை வரும்போது தண்ணீர் கரைநோக்கி ஓடுவது போலத் தோன்றினாலும், உண்மையில் ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுற்றுகிறது. கிணற்றில் வாளியை ஆட்டினால் மேலே தளும்பும், அடியில் சலனம் இருக்காது. அதுபோல ஆழம் போகப்போக இந்தச் சுற்று சிறுத்து ஒழிந்துவிடும். எவ்வளவு ஆழத்தில்? ஓர் அலையின் உச்சிக்கும் அடுத்த அலையின் உச்சிக்கும் இடையிலுள்ள தூரத்தை அலைநீளம் என்பார்கள். அதில் பாதி ஆழத்துக்குக் கீழே அலை இருப்பதே தெரியாது. 50 மீட்டர் இடைவெளியில் வரும் அலை 25 மீட்டருக்குக் கீழே எதையும் அசைக்காது, அங்கே கிடக்கும் எதனாலும் தடுக்கப்படவும் செய்யாது. அலை உடைந்து நுரைக்க வேண்டுமானால் தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரம் அளவுக்குக் குறைய வேண்டும்.

பவளத்திட்டு கரையைக் காப்பது இப்படித்தான். திட்டின் முகடு நீர்மட்டத்தை ஒட்டி நிற்கிறது, அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. உலகின் பல இடங்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த ஆய்வு, பவளத்திட்டுகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் குறைத்துவிடுவதாகச் சொன்னது. 30 மீட்டர், 60 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்கு மேலே அலை தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். மேலே போகும் படகுகள் இடிக்கக் கூடாது என்பதற்காகவே கப்பலை ஆழத்தில் இறக்குகிறார்கள். கரையைக் காக்கும் அளவுக்கு உயரமான கப்பல் படகுகளுக்கு ஆபத்து, படகுகளுக்கு ஆபத்தில்லாத கப்பல் கரைக்கு உதவாது.

அலைத்தடுப்புக்காகவே ஆழமில்லாத இடத்தில் கப்பல்களை அமர்த்தியதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டியில் படை இறங்கியபோது நேசநாடுகள் பழைய கப்பல்களை வரிசையாக அமர்த்தி அலையைத் தடுத்தன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கிப்டோபீக் படகுத்துறைக்கு முன்னால் 9 கான்கிரீட் கப்பல்கள் அப்படி வரிசையாக நிற்கின்றன. இவையெல்லாம் நீர்மட்டத்துக்கு மேலே தலை தெரியும்படி நிற்பவை. செயற்கைப் பார் என்று மூழ்கடிக்கும் கப்பல்கள் வேறு வகை.

கரையைக் காக்கும் செயற்கைப் பாருக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். காவல் நின்ற திட்டு போனதும் அலை நேராகத் தீவில் அடித்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. அங்கே கப்பலை இறக்கவில்லை. பக்கவாட்டில் துளைகளுள்ள, அடி அகன்று மேல் குறுகிய கான்கிரீட் கட்டமைப்புகளை 2015 வாக்கிலிருந்து தீவுக்கு முன்னால் ஆழம் குறைந்த நீரில் அரணாக அடுக்கினார்கள். துளை வழியாகத் தண்ணீர் புகுந்து போவதால் அலையின் வேகம் உள்ளேயே சிதறுகிறது. கட்டமைப்பின்மேல் வெயில் படுவதால் பவளமும் ஒட்டுகிறது. தீவு தேய்வது மட்டுப்பட்டு மணல் மீண்டும் சேர்ந்தது. அந்தத் தீவைக் காக்க இரும்புக் கப்பலின் பிரம்மாண்டம் தேவைப்படவில்லை. சரியான ஆழமும் சரியான வடிவமும் வேண்டியிருந்தன.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மீனைக் கூட்டுவது, பவளத்தை வளர்ப்பது, கரையைக் காப்பது மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஆழத்தில் கிடக்கும் கப்பல் முதலாவதை நன்றாகச் செய்யும், இரண்டாவதை இடம் வாய்த்தால் கொஞ்சம் செய்யும், மூன்றாவதைச் செய்யாது.

கழுவாமல் இறக்கினால் குப்பை

கப்பலை இறக்கும் நாள் ஒன்றுதான் காணொளியில் வருகிறது. அதற்கு முன் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலையை யாரும் படம்பிடிப்பதில்லை. எரிபொருளும் மசகெண்ணெயும் கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். அறைகளில் வெப்பம் தாங்கப் பொதிந்த கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) எடுக்க வேண்டும். மிதந்து வெளியேறக்கூடிய பிளாஸ்டிக், மரம், மெத்தை எல்லாம் வெளியே போக வேண்டும். முக்குளிப்பவர் சிக்கிக்கொள்ளாதபடி கதவுகளைக் கழற்றிப் பெரிய வழிகள் வெட்ட வேண்டும். ஒட்டுயிர்களைக் கொல்லப் பூசிய வண்ணத்தில் டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு இருக்கலாம். சிப்பி, சங்கு போன்றவற்றை அது மிக மோசமாகத் தாக்குவதால், 2008இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம் ஒன்று அதைக் கப்பல்களில் தடைசெய்திருக்கிறது.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது பி.சி.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேதிப்பொருள் கூட்டம். தீப்பிடிக்காமலிருக்கப் பழைய கப்பல்களின் மின்கம்பி உறைகளில் சேர்த்தார்கள். அது அழியாது, மீனின் கொழுப்பில் தங்கி, தின்பவரின் கொழுப்புக்கு மாறும். ஓரிஸ்கனியை மூழ்கடிப்பது தள்ளிப்போனதற்கு இது முக்கியக் காரணம். கம்பிகளெல்லாம் கப்பலின் உடம்போடு பின்னிக்கிடந்ததால் முழுவதையும் உருவ முடியவில்லை. சில நூறு கிலோ உள்ளேயே இருக்கும் என்று கணக்கிட்டு, அதனால் வரும் ஆபத்தை ஆராய்ந்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் அனுமதி தந்தது. பிறகு அங்கே பிடித்த மீன்களில் தொடர்ந்து பரிசோதனை நடந்தது. முதல் ஆண்டுகளில் அளவு கூடுதலாக இருந்து, பின்னர் குறைந்தது. அந்த அனுமதி சரியா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிச் சொன்னார்கள், இறக்கிய பிறகும் போய்ப் பார்த்தார்கள்.

இதற்கு நேர்மாறு பிரேசிலின் சாவோ பாவுலோ விமானந்தாங்கிக் கப்பல். கல்நார் அச்சத்தால் துருக்கி அதை உடைக்க ஏற்க மறுத்தது. கடலில் அலைந்து திரிந்த அந்தக் கப்பலை 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படை கரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, 5,000 மீட்டர் ஆழத்தில் மூழ்கடித்தது. அந்தக் காணொளியையும் சிலர் செயற்கைப் பாறை என்று பகிர்ந்தார்கள். வெயில் எட்டாத, மீனவர் எட்டாத ஆழத்தில், சுத்தம் செய்யாமல் விட்டது செயற்கைப் பார் ஆகாது. அது கடலில் கொட்டுதல். கடலில் குப்பை கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கையும் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கிறது: வேறு பயனுக்காக வைக்கிறார்களா, கழித்துக்கட்டுவதற்காகப் போடுகிறார்களா?

இரும்பே கெடுதலாகும் இடம்

நன்றாகச் சுத்தம் செய்தால் எங்கே வேண்டுமானாலும் இறக்கலாமா? பசிபிக் நடுவிலுள்ள பால்மைரா பவளத்தீவு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1991இல் ஒரு மீன்பிடிக் கப்பல் அங்கே தரைதட்டி உடைந்தது. யாரும் திட்டமிட்டு இறக்கியதல்ல, விபத்து. பின்வந்த ஆண்டுகளில் அதைச் சுற்றிப் பவளத்தைப் போன்ற, ஆனால் சுண்ணாம்பு கட்டாத ஓர் உயிர் கம்பளம் விரித்தது போலப் பரவிப் பவளத்தை மூடிக் கொன்றது. கண்டங்களிலிருந்து மிகத் தொலைவிலுள்ள அந்தக் கடல்நீரில் இரும்புச் சத்து மிகக் குறைவு. துருவிலிருந்து கரைந்த இரும்பு அங்கே உரம் போட்டதுபோல ஆகிவிட்டது என்று விளக்குகிறார்கள். வறண்ட நிலத்துச் செடிகளுக்கு நடுவே உர மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் களைதான் முதலில் எழும். கடைசியில் 2013 வாக்கில் பெரும் செலவில் அந்தச் சிதைவை அள்ளி அகற்றினார்கள்.

கனமும் தடிமனும்

ஸ்பீகல் குரோவின் கதையில் மிச்சம் இருக்கிறது. 155 மீட்டர் நீளமான அந்தக் கப்பல் குறித்த நேரத்துக்கு முன்பே தானாக மூழ்கி, தலைகீழாகக் கவிழ்ந்து, மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சில வாரங்கள் பிடித்தன. மூன்று ஆண்டு கழித்து, 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் கடந்தபோது அடியாழத்தில் கிடந்த அந்தக் கப்பல் நிமிர்ந்து நேராக உட்கார்ந்துவிட்டது. எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சாதாரண அலை எட்டாத ஆழத்தில் கிடக்கும் ஆயிரக்கணக்கான டன் இரும்பையே புயலால் புரட்ட முடிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதைவிட லேசான பொருள் என்னவாகும்?

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடற்கரைக்கு முன்னால் 1970களில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். ஆஸ்போர்ன் பார் என்று பெயர். மீன் பெருகும், குப்பையும் தீரும் என்று ஊரே சேர்ந்து ஆர்வத்தோடு செய்த வேலை. கட்டியிருந்த கம்பி துருவேறி அறுந்தது. டயர்கள் விடுபட்டு, ஒவ்வொரு புயலிலும் உருண்டு போய்ப் பக்கத்திலிருந்த உண்மையான பவளத்திட்டில் மோதின. டயரில் எதுவும் நிலையாக ஒட்டவில்லை, ஒட்டியிருந்த இடத்திலும் உடைந்தது. 2007 முதல் ராணுவ முக்குளிப்பாளர்கள்கூட இறங்கி அள்ளினார்கள். இன்னும் முடியவில்லை.

அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2001 முதல் நியூயார்க் நகரின் பழைய சுரங்க ரயில் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் இறக்கியது. தடித்த இரும்பில் செய்த பழைய பெட்டிகள் தாக்குப்பிடித்தன. பின்னால் வந்த, மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டுப் பெட்டிகள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் கலைந்து விழுந்தன.

2021 ஜூனில் இலங்கை மீன்வளத் துறை, ஓடித் தேய்ந்த பேருந்துகளை நெடுந்தீவுப் பக்கக் கடலில் இறக்கியபோது இராமேசுவரம் மீனவர்கள் எதிர்த்தார்கள். பலர் அதை எல்லைச் சண்டையின் இன்னொரு அத்தியாயமாக மட்டும் பார்த்தார்கள். மீன் வளருமே, இவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. பேருந்தின் உடம்பு ரயில் பெட்டியைவிட மெல்லியது. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, அலையும் ஓட்டமும் அடிவரை தொடும். கூரைத் தகடு பெயர்ந்து ஓட்டத்தில் போனால் அது எந்த நாட்டுப் பக்கம் போய் எவர் வலையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. வலை கிழிந்தால் அன்றைய பாடு போச்சு, டீசல் காசும் போச்சு. வலை எதில் சிக்கியது என்பதுகூடக் கரைக்கு வந்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.